எட்டுக் கட்டத்திலும் 4

நேற்று இரவு ஒருவழியாகத் திரையில் 2201 என்று வந்தது. அந்த ஓர் எண்ணுக்காக இரண்டு மாலைப் பொழுது போயிருந்தது. வேலை என்னவோ சின்னதுதான். ஆர் என்கிற புள்ளியியல் நிரல் மொழியில் ஒரு டேட்டா ஃபிரேம் (வரிசையும் நெடுவரிசையுமாக உள்ள தரவு) இருக்கிறது. அதை டேபிளாக (எந்தப் பிரிவில் எத்தனை என்ற எண்ணிக்கைக் கட்டங்களாக) மாற்றி விகிதம் எடுக்க வேண்டும். தெரிந்தவர்களுக்கு ஐந்து நிமிடம். எனக்கும் ஐந்து நிமிடம்தான் ஆனது, முதல் தடவை. அப்படி எடுத்த அட்டவணையை அனுப்பிவைத்து, "இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?" என்று ஒருவர் கேட்ட பிறகு உட்கார்ந்ததுதான் இந்த இரண்டு மாலை.

சொதப்பிய கோப்பு என்னுடையதல்ல, அதனால் காட்ட முடியாது. அதே சொதப்பலை டைட்டானிக் தரவில் திரும்பச் செய்து காட்டுகிறேன். ஆர் நிறுவியிருந்தால் இந்தத் தரவும் உள்ளேயே இருக்கும், தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. 1912இல் மூழ்கிய அந்தக் கப்பலில் இருந்த 2201 பேரை வகுப்பு, பால், வயது, பிழைத்தாரா இல்லையா என்று நான்கு விதமாகப் பிரித்த எண்ணிக்கை அது. கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் கணினியில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் மாலை: டேபிள் என்று தட்டினால் டேபிள் வந்துவிடுமா

டைட்டானிக் தரவு ஆரில் ஏற்கெனவே டேபிள் வடிவில்தான் இருக்கிறது. என் கோப்பு டேட்டா ஃபிரேம். அதனால் முதலில் பின்னோக்கிப் போனேன்:

டிஎஃப் <- ஆஸ்.டேட்டா.ஃபிரேம்(டைட்டானிக்)

32 வரிசைகள் வந்தன. நான்கு வகுப்பு (கப்பல் ஊழியர்களையும் ஒரு வகுப்பாகச் சேர்த்து), இரண்டு பால், இரண்டு வயதுப் பிரிவு, இரண்டு முடிவு: பெருக்கினால் 32. கடைசி நெடுவரிசையின் பெயர் ஃபிரீக். எத்தனை பேர் என்ற எண்ணிக்கை அதில் இருக்கிறது. முதல் வரிசையில் 0. மூன்றாவது வரிசையில் 35. அதாவது மூன்றாம் வகுப்பில் இருந்த, பிழைக்காத ஆண் குழந்தைகள் 35 பேர்.

இதில் வகுப்புவாரியாக எத்தனை பங்கு பிழைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். நான் தட்டியது:

டேபிள்(டிஎஃப்$கிளாஸ், டிஎஃப்$சர்வைவ்டு)

எட்டுக் கட்டம் வந்தது. எட்டிலும் 4. அதன் மேல் விகிதம் எடுக்கும் பிராப்.டேபிளைப் போட்டு, ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் வகுக்க மார்ஜின் 1 என்று கொடுத்தால் எல்லா இடத்திலும் 0.5. முதல் வகுப்பிலும் பாதி, மூன்றாம் வகுப்பிலும் பாதி, ஊழியரிலும் பாதி. கடல் அவ்வளவு சமத்துவம் பார்க்கவில்லை என்பது படம் பார்த்தவர்களுக்கே தெரியும்.

நடந்தது இதுதான். டேபிள் என்கிற கட்டளைக்கு ஃபிரீக் என்றால் என்னவென்று தெரியாது. அது வரிசைகளை எண்ணும். முதல் வகுப்பு, பிழைக்கவில்லை என்ற கட்டத்துக்கு ஆண் குழந்தை, பெண் குழந்தை, ஆண், பெண் என்று நான்கு வரிசைகள் இருக்கின்றன. ஆகவே 4. அந்த நான்கு வரிசைகளுக்குப் பின்னால் 122 பேர் இருப்பது அதன் கணக்கிலேயே வராது.

இதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் கண்டுபிடித்திருப்பேன், என் கோப்பு இவ்வளவு ஒழுங்காக இருந்திருந்தால். அதைத் தயாரித்த புண்ணியவான் எண்ணிக்கை 0 உள்ள வரிசைகளையெல்லாம் நீக்கிவிட்டுக் கொடுத்திருந்தார். இடம் மிச்சம் என்று நினைத்திருப்பார். அதையும் டைட்டானிக்கில் செய்து பார்த்தேன்:

டிஎஃப்2 <- சப்செட்(டிஎஃப், ஃபிரீக் > 0)

எட்டு வரிசைகள் போய் 24 மிஞ்சியது. ஊழியர்களில் குழந்தைகள் கிடையாது, அதில் நான்கு வரிசை. முதல் இரண்டு வகுப்புகளில் இறந்த குழந்தைகள் என்று இந்தத் தரவில் யாரும் இல்லை, அதில் நான்கு. இப்போது அதே டேபிள் கட்டளையைப் போட்டால் முதல் வகுப்புக்கு 2, 4. இரண்டாம் வகுப்புக்கு 2, 4. மூன்றாம் வகுப்புக்கு 4, 4. ஊழியருக்கு 2, 2. விகிதமாக்கினால் பிழைத்தவர்கள் முதல் வகுப்பில் 0.667, இரண்டாம் வகுப்பில் 0.667, மூன்றாம் வகுப்பில் 0.5, ஊழியரில் 0.5.

இதைப் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? மேல்வகுப்பில் அதிகம், கீழே குறைவு. எதிர்பார்த்த கதைதான். முதல் வகுப்பின் உண்மையான விகிதம் 0.625, அதனால் 0.667 பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் ஊழியரின் உண்மையான விகிதம் 0.240, நாம் சொல்வது 0.5. சரிபாதிக்கு மேல் பொய். எண்ணிக்கையை ஒரு தடவைகூடத் தொடாமல் கோப்பில் எந்தெந்த வரிசை எஞ்சியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று தசமப் புள்ளி வரை துல்லியமாக ஓர் அறிக்கை தயார். நான் அனுப்பியது அந்த ரகம்.

விகிதத்தில் உள்ள தொல்லையே அதுதான். எதைக் கொடுத்தாலும் கூட்டினால் 1 வந்துவிடும். எண்ணிக்கையைப் பார்த்தால் 2, 4, 4 என்று பல்லிளிக்கும். 2201 பேர் எங்கே, 24 எங்கே. நான் எண்ணிக்கையைத் திரையில் போடவே இல்லை. பிராப்.டேபிளுக்குள் டேபிளை வைத்து ஒரே மூச்சில் தட்டிவிட்டேன்.

எக்ஸ்டேப்ஸ்

சரியான வழி ஒரே வரிதான்:

டேப் <- எக்ஸ்டேப்ஸ்(ஃபிரீக் ~ கிளாஸ் + சர்வைவ்டு, டேட்டா = டிஎஃப்)

அலைக்கோட்டுக்கு இடப்பக்கம் எண்ணிக்கை, வலப்பக்கம் எதெதால் பிரிக்க வேண்டுமோ அவை. இடப்பக்கத்தை மறந்து அலைக்கோட்டிலிருந்து ஆரம்பித்தால் எக்ஸ்டேப்ஸும் டேபிளைப் போலவே வரிசைகளைத்தான் எண்ணும். மறுபடியும் எட்டு 4. பிழைச் செய்தி எதுவும் வராது. அதிலும் ஒரு தடவை விழுந்து எழுந்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சரியாகத் தட்டியபோது வந்தது: முதல் வகுப்பில் பிழைக்காதவர் 122, பிழைத்தவர் 203. இரண்டாம் வகுப்பில் 167, 118. மூன்றாம் வகுப்பில் 528, 178. ஊழியரில் 673, 212. கூட்டுத்தொகை கேட்டு சம்(டேப்) என்றால் 2201. சம்(டிஎஃப்$ஃபிரீக்) என்றாலும் 2201. முதல் பத்தியில் சொன்ன அந்த எண்.

இன்னொரு வழியிலும் சோதித்தேன். டேட்டா ஃபிரேமின் ஒவ்வொரு வரிசையையும் ஃபிரீக்கில் உள்ள அளவுக்குப் பிரதியெடுத்து நீட்டினால் ஓர் ஆளுக்கு ஒரு வரிசை என்று ஆகிவிடும்:

நீளம் <- டிஎஃப்[ரெப்(சீக்_லென்(என்ரோ(டிஎஃப்)), டிஎஃப்$ஃபிரீக்), ]

இதில் 2201 வரிசைகள். இப்போது சாதா டேபிள் போட்டாலே 122, 203 எல்லாம் அச்சாக வந்துவிடுகிறது. எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருந்தால் இப்படி நீட்டுவது வீண் சுமை. சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆக, கோப்பைத் திறந்ததும் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: இதில் ஒரு வரிசை என்பது ஓர் ஆளா, ஒரு குவியலா? ஆளென்றால் டேபிள். குவியலென்றால் எக்ஸ்டேப்ஸ்.

மார்ஜின் 1, மார்ஜின் 2, ஒன்றுமில்லை

விகிதம் எடுக்கும் கட்டளையின் பழைய பெயர் பிராப்.டேபிள். ஆர் 4.0.1 பதிப்பிலிருந்து அதற்கே புரொப்போர்ஷன்ஸ் என்று இன்னொரு பெயரும் உண்டு. செய்வது ஒன்றுதான். என் விரல்களுக்குப் பழையதுதான் பழக்கம்.

மார்ஜின் எதுவும் கொடுக்காவிட்டால் எல்லாக் கட்டத்தையும் 2201ஆல் வகுக்கும். முதல் வகுப்பில் பிழைத்த 203 பேர் 0.092 ஆகிவிடுவார்கள். மார்ஜின் 1 என்றால் வரிசைக்குள் வகுக்கும்: 203ஐ 325ஆல், 0.625. மார்ஜின் 2 என்றால் நெடுவரிசைக்குள்: 203ஐ 711ஆல், 0.286.

மூன்றும் சரியான எண்களே. எந்தக் கேள்விக்கு எது என்பதில்தான் ஆள் வழுக்குவது. ஊழியர்களைப் பாருங்கள். மார்ஜின் 2இல் அவர்களுக்கு 0.298, பிழைத்தவர்களில் பெரிய கூட்டம் அவர்கள்தான். மார்ஜின் 1இல் அவர்களுக்கு 0.240, நான்கு கூட்டத்திலும் மோசமான கதி அவர்களுக்குத்தான். "ஊழியர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள்" என்று ஒருவரும் "ஊழியர்கள்தான் குறைவாகப் பிழைத்தார்கள்" என்று இன்னொருவரும் ஒரே டேபிளைக் காட்டிச் சண்டை போடலாம்.

நான் 1, 2 என்று எண்ணாகக் கொடுப்பதை விட்டுவிட்டேன். பரிமாணங்களுக்குப் பெயர் இருந்தால் மார்ஜின் = "கிளாஸ்" என்று பெயராகவே கொடுக்கலாம். எந்தக் கூட்டத்துக்குள் 1 வர வேண்டுமோ அந்தப் பெயர். எக்ஸ்டேப்ஸில் எது முன், எது பின் என்பதை நாளைக்கு மாற்றிப் போட்டாலும் இது குழம்பாது. இதிலும் எக்ஸ்டேப்ஸுக்கு ஒரு வசதி: பெயர்களைத் தானாகவே ஒட்டிவிடும். டாலர் குறி போட்டு டேபிளுக்குக் கொடுத்தால் பரிமாணத்துக்குப் பெயரே இருக்காது.

இரண்டாம் மாலை: பக்கவாட்டில் விரிந்த கோப்பு

அடுத்த கோப்பு வேறு அமைப்பு. முதல் நெடுவரிசையில் வகுப்பின் பெயர், அடுத்ததில் பிழைக்காதவர், அடுத்ததில் பிழைத்தவர். நான்கே வரிசை. பார்ப்பதற்கே டேபிள் மாதிரி இருக்கிறதே, நேராகப் பிராப்.டேபிளைப் போடலாமே என்று போட்டேன். எல்லா நெடுவரிசையும் எண்ணாக இருக்கும் டேட்டா ஃபிரேமைத்தான் கூட்ட முடியும் என்று பிழை வந்தது. நியாயம், முதல் நெடுவரிசை எழுத்து. அதை விலக்கிவிட்டுப் போட்டேன். வேலை செய்தது! 2201ஆல் வகுத்த எண்கள் அழகாக வந்தன. சந்தோஷத்தில் மார்ஜின் 1 சேர்த்தேன். "எக்ஸ் ஓர் அர்ரே அல்ல" என்று அடுத்த பிழை.

இங்கே அரை மணி நேரம் போனது. மார்ஜின் இல்லாமல் வேலை செய்தது மார்ஜின் வந்ததும் ஏன் அடம்பிடிக்கிறது? மார்ஜின் இல்லாதபோது அது வெறுமனே மொத்தத்தால் வகுக்கிறது. டேட்டா ஃபிரேமை ஓர் எண்ணால் வகுக்க ஆருக்குத் தடையில்லை. மார்ஜின் வந்தால் வரிசைவாரியாகக் கூட்ட வேண்டும், அதற்கு உண்மையான அர்ரே (ஒரே வகை மதிப்புகளின் கட்டம்) கேட்கிறது. டேட்டா ஃபிரேம் என்பது உள்ளுக்குள் நெடுவரிசைகளின் பட்டியல், அர்ரே அல்ல. முதல் தடவையே பிழை கொடுத்திருந்தால் எனக்கு அரை மணி மிச்சம்.

ஆஸ்.டேபிள்(டிஎஃப்) என்று நேராகக் கேட்டேன் (இங்கே டிஎஃப் என்பது இந்த நான்கு வரிசைக் கோப்பு). டேபிளாக்க முடியாது என்று ஒரே போடாகப் போட்டது. சரி, இடையில் மேட்ரிக்ஸ் வழியாகப் போவோம்:

ஆஸ்.டேபிள்(ஆஸ்.மேட்ரிக்ஸ்(டிஎஃப்[, -1]))

வந்தது. ஆனால் வரிசைப் பெயர்கள் ஏ, பி, சி, டி. எனக்கு முதலில் இது எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை. கோப்பில் அப்படி எதுவும் இல்லை. வகுப்பின் பெயர்கள் இருந்த நெடுவரிசையை நான்தான் கழற்றிவிட்டேனே. பெயரில்லாத வரிசைகளுக்கு ஆஸ்.டேபிள் தானாக ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் பெயராக வைத்துவிடுகிறது. நான்கு வரிசைக்குப் பரவாயில்லை. முப்பது வரிசை இருந்தால் எது எந்த ஊர் என்று யார் சொல்வது?

அதனால் மூன்று படி: முதலில் எம் என்ற பெயரில் மேட்ரிக்ஸ், பிறகு ரோநேம்ஸ்(எம்) <- டிஎஃப்$கிளாஸ் என்று பெயர் ஒட்டு, பிறகு ஆஸ்.டேபிள். பெயரை முதலில் ஒட்டுவதா கடைசியில் ஒட்டுவதா என்பது பெரிய விஷயமில்லை, ஒட்டினால் சரி.

இதற்குள் இன்னொரு குழி. எழுத்து நெடுவரிசையைக் கழற்ற மறந்து முழு டேட்டா ஃபிரேமையும் மேட்ரிக்ஸாக்கினால், மேட்ரிக்ஸில் ஒரே வகைதான் இருக்க முடியும் என்பதால் எண்களெல்லாம் எழுத்தாகிவிடும். 203 என்பது மேற்கோள் குறிக்குள் "203" ஆகும். ஆஸ்.டேபிள் இதற்கும் தலையாட்டிவிடும். விகிதம் எடுக்கப் போகும்போதுதான் எழுத்தைக் கூட்ட முடியாது என்று பிழை வரும், அதுவும் சம்பந்தமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு. எண்ணுக்கு நடுவே காற்புள்ளி போட்ட கோப்புகளிலும் இதே கதை. 1,490 என்று ஒரே ஒரு கட்டத்தில் இருந்தால் போதும், அந்த நெடுவரிசை முழுக்க எழுத்தாகப் படிக்கப்படும். ஸ்டர்(டிஎஃப்) என்று ஒரு தடவை தட்டிப் பார்த்தால் எது எண், எது எழுத்து என்று தெரிந்துவிடும். நான் கடைசியில்தான் தட்டினேன்.

பிறகு, மொத்தம். இந்த மாதிரிக் கோப்புகளில் யாராவது அன்போடு கடைசியில் "மொத்தம்" என்று ஒரு வரிசையும் வலப்பக்கம் ஒரு நெடுவரிசையும் சேர்த்திருப்பார்கள். மனிதர்களுக்கு அது உதவி, பிராப்.டேபிளுக்கு அது இன்னொரு வகுப்பு. மொத்த நெடுவரிசையோடு வரிசை விகிதம் எடுத்தால் எல்லாம் பாதியாகிவிடும்: முதல் வகுப்பில் பிழைத்தவர் 0.625க்குப் பதில் 0.312. பாதியாகிவிட்டதென்று கண்ணுக்குத் தெரியாது, 0.312 என்பது நம்பக்கூடிய எண்தானே. வரிசை, நெடுவரிசை இரண்டிலும் மொத்தம் இருந்தால் சம் கொடுப்பது 8804, அதாவது 2201இன் நான்கு மடங்கு. இதையும் காட்டிக்கொடுத்தது சம்தான். மொத்தம் வேண்டுமென்றால் விகிதமெல்லாம் முடிந்த பிறகு ஆட்மார்ஜின்ஸ் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

விட்டுப்போனவர்கள்

டைட்டானிக் தரவில் விடுபட்ட மதிப்புகள் இல்லை. நிஜக் கோப்பில் இருந்தன. டேபிள் அவற்றைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்; யூஸ்என்ஏ = "இஃப்எனி" என்று கேட்டால்தான் காட்டும். எக்ஸ்டேப்ஸுக்கு ஆட்என்ஏ = ட்ரூ.

நூறு பேரில் 60 பேர் ஆம், 20 பேர் இல்லை, 20 பேர் பதிலே சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கிவிட்டு எடுத்தால் 75 சதவீதம் ஆம். ஒதுக்காமல் எடுத்தால் 60. எது சரி என்பது கேள்வியைப் பொறுத்தது. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியது நான், முன்னிருப்பாக அமைந்த கட்டளை அல்ல.

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்பிலிருந்து படித்த எழுத்து நெடுவரிசையில் வெறுமையாக விட்ட கட்டங்கள் விடுபட்டவையாகப் பதிவாகாது, வெற்றுச் சொல்லாகவே பதிவாகும். டேபிளில் தலைப்பே இல்லாத ஒரு நெடுவரிசை வந்தால் காரணம் அதுதான். "ஆம்" என்பதும் பின்னால் ஓர் இடைவெளி விட்ட "ஆம் " என்பதும் இரண்டு தனித்தனி விடைகளாக வந்து நின்றன. ட்ரிம்டபிள்யூஎஸ் போட்டு வெட்டினேன்.

என்னை அதிகம் கடுப்பேற்றியது ஃபேக்டர், அதாவது பிரிவுகளை வைக்கும் நெடுவரிசை வகை. அதன் பிரிவுகளின் பட்டியல்தான் லெவல்ஸ். வயதுப் பிரிவுகள் அகர வரிசையில் வந்ததால் 10-14 முன்னாலும் 5-9 பின்னாலும் நின்றன. சரி, லெவல்ஸ் கொடுத்து வரிசைப்படுத்துவோம் என்று கையால் தட்டினேன். ஒரு பிரிவில் கோடு மாறிவிட்டது. கோப்பில் சிறு கோடு, நான் எங்கிருந்தோ ஒட்டியதில் நீளக் கோடு. லெவல்ஸில் இல்லாத மதிப்பு எல்லாம் எச்சரிக்கை கூட இல்லாமல் விடுபட்ட மதிப்பாகிவிடும். எக்ஸ்டேப்ஸ் அவற்றை ஒதுக்கிவிடும். நான் தட்டிய நீளக் கோட்டுப் பிரிவுக்கு 0 பேர். அதற்கு வரிசை விகிதம் எடுத்தால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து என்ஏஎன், அதாவது 'எண் அல்ல'. ஒரு வயதுப் பிரிவே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. என்ஏஎன் வந்ததால் தெரிந்தது. நெடுவரிசை விகிதம் எடுத்திருந்தால் 0 என்றுதான் வந்திருக்கும், "ஓ, இந்தப் பிரிவில் யாரும் இல்லை போல" என்று போயிருப்பேன்.

என்ஏஎன் எல்லாமே தவறும் அல்ல. டைட்டானிக்கில் வகுப்பையும் வயதையும் சேர்த்து விகிதம் எடுத்தால் ஊழியர்-குழந்தை என்ற இடத்தில் என்ஏஎன் வரும். அப்படி யாரும் இல்லை, அதனால் விகிதமும் இல்லை. அதை 0 என்று மாற்றிவிட்டால் எல்லோரும் இறந்ததாக ஆகிவிடும். அப்படியே விட்டேன்.

மூன்றாவது பரிமாணம் வந்ததும்

எல்லாம் ஓடிய பிறகு சும்மா இருக்காமல் பாலையும் சேர்த்துப் பார்த்தேன்:

டேப்3 <- எக்ஸ்டேப்ஸ்(ஃபிரீக் ~ கிளாஸ் + செக்ஸ் + சர்வைவ்டு, டேட்டா = டிஎஃப்)

மூன்று பரிமாணம் என்றால் மார்ஜினும் இரண்டாக வேண்டும்: மார்ஜின் = சி("கிளாஸ்", "செக்ஸ்"). ஒவ்வொரு வகுப்பு-பால் ஜோடிக்குள்ளும் 1 வர வேண்டும் என்று அர்த்தம். முதலில் "கிளாஸ்" மட்டும் கொடுத்துவிட்டு ஏன் ஆண்களின் எண்கள் 1க்கு வரவில்லை என்று முழித்தேன். வகுப்புக்குள் நான்கு கட்டமும் சேர்ந்துதான் 1. திரையில் தட்டையாகப் பார்க்க எஃப்டேபிள் போட்டுக்கொண்டேன், இல்லாவிட்டால் துண்டு துண்டாக அச்சாகும்.

பிழைத்தவர்களின் விகிதம்: முதல் வகுப்புப் பெண்கள் 0.972, அதாவது 145 பேரில் 141. இரண்டாம் வகுப்புப் பெண்கள் 0.877. மூன்றாம் வகுப்புப் பெண்கள் 0.459. ஊழியர்களில் பெண்கள் 0.870. ஆண்களுக்கு அதே வரிசையில் 0.344, 0.140, 0.173, 0.223.

இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் பிரிக்காத அட்டவணையில் மூன்றாம் வகுப்பு 0.252, ஊழியர் 0.240. ஊழியர்தான் கடைசி. பிரித்துப் பார்த்தால் ஆண்களிலும் ஊழியர் மேல், பெண்களிலும் ஊழியர் மேல், பெண்களில் ஏறத்தாழ இருமடங்கு. இரண்டு பாலிலும் ஜெயித்தவர் மொத்தத்தில் தோற்கிறார். கணக்கில் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாளாக அடிவாங்கியவனுக்கு வேறென்ன தோன்றும்? எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தேன். ஊழியர் 885 பேரில் பெண்கள் 23. மூன்றாம் வகுப்பு 706 பேரில் பெண்கள் 196. பெண்கள் பிழைத்த விகிதம் எங்கும் உயர்வு. அவர்கள் அதிகமுள்ள கூட்டத்தின் சராசரி மேலே போகிறது. சிம்ப்சன் முரண் என்று பாடத்தில் படித்தது இதுதான். என் கையால் போட்ட டேபிளில் அது வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

23 பெண்களில் 20 பேர் என்பதும் 0.870தான், 106 பேரில் 93 பேர் என்பது 0.877. விகிதமாக மட்டும் கொடுத்தால் இரண்டும் ஒரே கனமாகத் தெரியும். திரும்ப அனுப்பும் அட்டவணையில் ஒவ்வொரு விகிதத்துக்குப் பக்கத்திலும் எத்தனை பேரில் என்று போட முடிவு செய்தது அப்போதுதான்.

திரும்ப டேட்டா ஃபிரேம்

அறிக்கையில் ஒட்டுவதற்கு மறுபடியும் டேட்டா ஃபிரேம் வேண்டும். விகித டேபிளை ஆஸ்.டேட்டா.ஃபிரேமில் போட்டால் நீளவாக்கில் வரும், நெடுவரிசைப் பெயர் மட்டும் பழையபடி ஃபிரீக். உள்ளே இருப்பதோ விகிதம். அடுத்த மாதம் இதை நானே எண்ணிக்கை என்று நினைத்து எக்ஸ்டேப்ஸில் போடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் ரெஸ்பான்ஸ்நேம் = "விகிதம்" என்று பெயர் மாற்றிவிட்டேன். பக்கவாட்டில் விரிந்த வடிவம் வேண்டுமென்றால் ஆஸ்.டேட்டா.ஃபிரேம்.மேட்ரிக்ஸ்.

தசமங்களைச் சுருக்குவது கடைசியில். பிழைத்தவர்கள் எந்தெந்த வகுப்பு என்று முழுச் சதவீதமாகப் போட்டேன்: 29, 17, 25, 30. கூட்டினால் 101. ஒருவர் நிச்சயம் கூட்டிப் பார்ப்பார். ஒரு தசமம் வைத்தால் 28.6, 16.6, 25.0, 29.8, கச்சிதமாக 100. இந்தத் தரவுக்கு அதிர்ஷ்டம். எல்லாவற்றுக்கும் இப்படி அமையாது. அமையாதபோது எண்ணைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்யாமல் அடியில் ஒரு குறிப்பு போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

மொத்தச் செலவு: முதல் மாலை மூன்று மணி நேரம், இரண்டாம் மாலை நான்கு. கடைசியில் மிஞ்சிய நிரல் பதினொரு வரி. அதில் ஒரு வரி மட்டும் புதுசு: எக்ஸ்டேப்ஸ் முடிந்த உடனே ஸ்டாப்இஃப்நாட் போட்டு, டேபிளின் கூட்டுத்தொகையும் ஃபிரீக்கின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்படி செய்திருக்கிறேன். வரிசைகளை எண்ணியது, கோடு மாறிய வயதுப் பிரிவு இரண்டையும் அந்த ஒரு வரி பிடித்துவிடும். கோப்பிலேயே இருக்கும் "மொத்தம்" வரிசையைப் பிடிக்காது. இரண்டு பக்கமும் சேர்ந்தே வீங்கிவிடும். அதற்கு, கோப்பைக் கொடுப்பவரிடம் மொத்தம் எத்தனை பேர் என்று முதலிலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

திருத்திய அட்டவணை இன்று காலை போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.